கேபிள் வந்தால் வேலை வந்துவிடுமா?

அதிவேக இணையக் கேபிள் வந்துவிட்டால் கம்பெனிகள் தேடிவரும், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை என்ற நம்பிக்கை நெல்லைச் சீமையில் வேரூன்றிவிட்டது. திருநெல்வேலிக்கு அருகே உள்ள கங்கைகொண்டானைப் பார்த்த பிறகும் அது அசையாமல் நிற்பதுதான் கவலை தருகிறது.

நான்குவழிச் சாலையோரம் சுமார் 500 ஏக்கரில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் அங்கே தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைத்தது. சாலை, மின்சாரம், கட்டடம் எல்லாம் தயார். சின்டெல் என்ற மென்பொருள் நிறுவனம் வந்தது. மற்றபடி பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடந்தது.

குற்றாலத்துக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்தில் நடந்தது வேறு. 2011-இல் மென்பொருள் நிறுவனமான ஸோஹோ அங்கே அலுவலகம் திறந்தது. உலகெங்கும் விற்பனையாகும் ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் அங்கு உருவானதுதான். இணைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது, உண்மை. ஆனால் அந்த நிறுவனம் பிளஸ் டூ முடித்தவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்து, மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்து, வேலை பழக்கும் பள்ளி நடத்துகிறது. கேபிள் போடுகிற திட்டம் எதிலாவது இதற்கு ஒரு பத்தி உண்டா?

ஒன்று மட்டும் வந்தால் போதாது என்பதை நம் பழைய கதையே சொல்லும். பாபநாசத்தில் தாமிரபரணி அருவியாகக் காலங்காலமாக விழுந்துகொண்டுதான் இருந்தது. 1880-களில் தொழிலதிபர்களான ஹார்வி சகோதரர்கள் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை எழுப்பியபோது அருவியின் விசையோடு கரிசல் பருத்தியும் தூத்துக்குடித் துறைமுகமும் ஆலைக் கூலிக்கு வரும் ஆட்களும் சேர்ந்தே இருந்தன.

அமெரிக்காவின் சட்டனூகாவை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 2010-இலேயே ஊர் முழுக்க ஒரு கிகாபிட் வேகம் கொடுத்த நகரம். அங்கே கேபிள் இழுத்தது நகரத்துக்கே சொந்தமான மின்வாரியம். மின்தடையைச் சீக்கிரம் சரிசெய்யவும் அதே கேபிள் பயன்பட்டது; அமெரிக்க மத்திய அரசு 11 கோடி டாலருக்கு மேல் மானியம் தந்தது. 2020-இல் ஏழை மாணவர்களின் வீடுகளுக்கு இலவச இணைப்பும் கொடுத்தார்கள். திருநெல்வேலி மாநகராட்சிக்குச் சொந்தமாக மின்வாரியம் கிடையாது. சட்டனூகாவின் பெயரை மட்டும் கடன் வாங்கி என்ன பயன்?

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளைக் கேபிளால் இணைக்க டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் 2018-இல் தொடங்கப்பட்டது. வேண்டிய திட்டம், தடையின்றி முடிய வேண்டும். ஆனால் ஊராட்சி அலுவலகம்வரை வந்த கேபிள் பத்தமடையில் பாய் முடைகிறவரின் மகளுக்குத் தானாக வேலை வாங்கித் தராது. அவளுக்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், இரண்டாண்டுப் பயிற்சி வேண்டும், அதுவரை குடும்பம் தாங்க உதவித்தொகை வேண்டும். அந்தப் பணத்தைக் கேபிளுக்கான நிதியோடு சேர்த்தே அரசு ஒதுக்கட்டும். பயிற்சியைச் சேரன்மகாதேவியிலும் அம்பாசமுத்திரத்திலும் தொடங்கட்டும்.