ரூஸ்வெல்ட்டின் இரண்டு கையெழுத்துகள்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வந்துவிட்டால், ஒரு வேட்பாளரை நம்பிக்கையின் பக்கமும் மற்றவரை அச்சத்தின் பக்கமும் நிறுத்தி எழுதுவது பத்திரிகைகளுக்குப் பழக்கமாகிவிட்டது. வரலாறு அப்படிப் பங்கு பிரித்துத் தரவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் குடியிருந்ததற்கு ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே சான்று.

1933 மார்ச் 4 அன்று அவர் பதவியேற்றபோது தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. நாடு அஞ்ச வேண்டியது அச்சம் ஒன்றுக்குத்தான் என்று அன்று அவர் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அடுத்த பத்து நாட்களில் அவர் செய்தது அவ்வளவாக நினைவில் இல்லை. நாடு முழுவதும் வங்கிகளுக்குக் கட்டாய விடுமுறை விட்டார். 9ஆம் தேதி அவசர வங்கிச் சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது. 12ஆம் தேதி, ஞாயிறு இரவு, வானொலியில் பேசினார். மேடை முழக்கம் ஏதுமில்லை. போட்ட பணத்தை வங்கி என்ன செய்கிறது, எந்த ஊர் வங்கி எந்த நாளில் திறக்கும் என்று பக்குவமாக விளக்கினார். மறுநாள் வங்கி வாசல்களில் கூட்டம் நின்றது, எடுத்த பணத்தைத் திரும்பப் போடுவதற்கு!

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1942 பிப்ரவரி 19 அன்று, அதே கை 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டது. அதன் பேரில், மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். ஜப்பானின் குண்டு விழுந்ததோ ஹவாயின் பெர்ல் ஹார்பரில். அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஜப்பானிய வம்சாவளியினர். அவர்களை அப்புறப்படுத்தினால் தீவுகளின் தொழிலே படுத்துவிடும் என்பதால் அவர்கள் மொத்தமாக அகற்றப்படவில்லை. ஆபத்துக்கும் அச்சத்துக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவில் பிறந்த ஃபிரெட் கொரமட்சு வெளியேற மறுத்து வழக்காடினார். 1944 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அரசின் பக்கம் நின்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ராபர்ட் ஜாக்சன், அவசரத் தேவை என்று நம்பும்படி சொல்லத் தெரிந்த எந்த ஆட்சியாளரும் நாளை இந்தத் தீர்ப்பைக் கையில் எடுப்பார் என எச்சரித்தார். அவரும் ரூஸ்வெல்ட் நியமித்த நீதிபதிதான்.

மன்னிப்பு வர 46 ஆண்டுகள் ஆயின. 1988 ஆகஸ்டில் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் வழங்கியது. இனவெறுப்பும் போர்ப் பதற்றமும் அரசியல் தலைமையின் தோல்வியுமே காரணம் என்றும் பதிவு செய்தது. அந்த மை காயுமுன், அதிபர் தேர்தலில் நின்ற ரீகனின் துணை அதிபர் புஷ்ஷுக்கு ஆதரவாக ஒரு குழு, கறுப்பினக் கைதி ஒருவரின் படத்தைக் காட்டி அச்சமூட்டும் தொலைக்காட்சி விளம்பரம் ஓட்டியது. புஷ் 40 மாநிலங்களில் வென்றார்.

கொரமட்சு தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது 2018இல். சொன்ன இடம்தான் வேடிக்கை: முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள் சிலவற்றின் மீது டிரம்ப் விதித்த நுழைவுத் தடையை 5-4 என்று செல்லுபடியாக்கிய அதே தீர்ப்பில்!

ஆக, எந்த அதிபர் நம்பிக்கை ஊட்டுகிறார் என்று பார்ப்பதைவிட, அச்சப்படும் நாளில் அவர் கைக்கு எட்டும்படி எந்தச் சட்டம் கிடக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது. 2025 மார்ச்சில் டிரம்ப், வெனிசுவேலா நாட்டவர் மீது 1798ஆம் ஆண்டின் அந்நிய எதிரிகள் சட்டத்தை ஏவினார். நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி எல் சால்வடார் சிறைக்கு விமானம் ஏற்றப்பட்டார்கள். பெர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அன்றே ஜப்பான் நாட்டவர் மீது ரூஸ்வெல்ட் விடுத்த பிரகடனமும் இதே சட்டத்தின் கீழ்தான். அதைச் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு எப்போதும் இருந்தது. அதுவரையிலான 227 ஆண்டுகளில் நாடாளுமன்றம் அதைச் செய்யவில்லை.