7,800 கி.மீ.க்கு 13 மணி நேரமா? ஹெல்சிங்கி - டோக்கியோ விமானம் சுற்றிப் போவது ஏன்?

பின்லாந்தின் ஹெல்சிங்கி விமான நிலையத்தில் இருந்து டோக்கியோவின் நரிட்டாவுக்கு, மிகக் குறுகிய வழியில் சுமார் 7,800 கி.மீ. தூரம். 2022 தொடக்கம் வரை ஃபின்ஏர் விமானங்கள் சைபீரியா மேல் பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு? சுமார் 13 மணி நேரம்!

என்ன ஆச்சு? 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ரஷ்ய விமானங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வான்வெளியை மூட, பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. இதனால் ஒன்று, அலாஸ்கா பக்கம் போய் வடதுருவத்தைத் தாண்டணும். இல்லைன்னா தெற்கே மத்திய ஆசியா வழியாகச் சுற்றணும்.

எரிபொருள் செலவு மட்டும் பிரச்சினை இல்லை. ஆசியாவுக்குக் குறுக்குவழி என்பதுதான் ஃபின்ஏரின் வியாபாரமே. அதிலேயே அடி. சீன விமானங்களுக்கோ ரஷ்யா தடை போடவில்லை, அவை ஐரோப்பாவுக்குப் பழைய வழியிலேயே பறக்கின்றன. ஆக, டிக்கெட் எடுக்கும்போது கிலோமீட்டரோடு எந்த நாட்டு விமானம் என்பதையும் பார்க்கணும்.

இத்தனைக்கும் இந்தத் துருவ வழி புதுசு இல்லை. பனிப்போர் காலத்தில், 1983-ல் ஃபின்ஏர் டோக்கியோ சேவையைத் தொடங்கியபோதும் இப்படித்தான் சுற்றிப் போனது.