சகுனி வந்தான், சட்டைப்பையில்!



2023-ஆம் ஆண்டு ஓர் இரவு. திண்டிவனத்தில் கூட்டம் முடித்து விழுப்புரம் செல்லப் பேருந்து ஏறினேன். பக்கத்தில் ஒரு தம்பி. உள்ளங்கையிலே ஒளி, ஒளியிலே ரம்மிச் சீட்டு! விழுப்புரம் சேருமுன் பாதிச் சம்பளம் போயிற்று. "திறமை போதவில்லை அண்ணே! அடுத்த ஆட்டத்தில் பிடித்துவிடுவேன்" என்றான். பணத்தைப் பறித்தவன் பழியையும் அவன் தலையிலேயே சுமத்திவிட்டான்!

நம் வட்டாரத்துப் பாரதக் கூத்திலே சகுனிக்கு மண்டபம் வேண்டும், பகடை வேண்டும், அழைப்போலை வேண்டும். இன்றைய சகுனிக்கு எதுவும் வேண்டாம். சட்டைப்பையிலே வருகிறான், முதலில் சில ரூபாய் இனாம் தருகிறான், பிறகு ஆட்டத்துக்கு ஆட்டம் தரகு எடுக்கிறான். வென்றவன் மாறுவான், தோற்றவன் மாறுவான்; தரகன் மட்டும் தோற்பதே இல்லை!

'ரம்மி திறமை ஆட்டம், 1967-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிற்று' என்கின்றனர். சொல்லிற்று, மறுக்கவில்லை. செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கு அது. ஆனால், ஆட்டத்தால் இடத்துக்குரியவன் ஆதாயம் அடைந்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்லிற்றே! முன்பாதியை முழங்குவோர் பின்பாதியை விழுங்குவதேன்?

வள்ளுவர் சூதை எங்கே வைத்தார்? பொருட்பாலிலே, கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவிலே! அரசு கவனிக்கவேண்டிய நோய் இது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அரசியல் சட்டமும் பந்தயத்தையும் சூதாட்டத்தையும் மாநிலப் பட்டியலின் 34-ஆம் இனமாகவே வைத்தது. எனினும் நடந்தது என்ன? தமிழகத்தின் தடைச் சட்டம் 2021-இல் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. 2022 அக்டோபரில் பேரவை நிறைவேற்றிய மசோதாவை, 'உங்களுக்கு அதிகாரமில்லை' என்று 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பினார். மீண்டும் நிறைவேற்றினோம், ஏப்ரலில் சட்டமாயிற்று. நவம்பரிலோ ரம்மியும் போக்கரும் தடையிலிருந்து விடுபட்டன. இறுதியில் 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்க நாடாளுமன்றமே சட்டம் செய்தது. தடையை வரவேற்போம்; ஆனால் இடையே கழிந்த ஆண்டுகளில் அழிந்த குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது?

சட்டம் வந்துவிட்டது, இனி உறங்கலாம் என்று எண்ணாதீர்! பரிசுச்சீட்டைத் தமிழகம் 2003-இல் தடை செய்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2019 டிசம்பரில், கள்ளத்தனமாக விற்ற மூன்றெண் லாட்டரிக்கு இரையாகி, ஒரு தொழிலாளியின் குடும்பம் குழந்தைகளோடு அழிந்தது. எந்த ஊரில்? நம் விழுப்புரத்தில்! தடை இருந்தது, தடுக்கத்தான் ஆளில்லை.

ஆகவே தோழர்களே, சட்டம் வாயிலை அடைக்கும். உள்ளே சிக்கியவனைக் கைபிடித்து அழைத்துவர வேண்டியவர் நாம். கிளைதோறும், தேநீர்க் கடைதோறும், கடனில் தவிக்கும் தம்பியைத் தேடுங்கள். ஏசாதீர், ஏளனம் செய்யாதீர். 'தோற்றது உன் திறமையல்ல தம்பி, உன்னைத் தோற்கடிக்கவே விரித்த வலை இது' என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஒரு வீட்டு விளக்கை அணையாமல் காக்கும்!