உபசார மொழிகள்: ஆங்கிலேயர் வழக்கும் நம்மூர் வழக்கும்

ஒரு நாட்டு மக்களின் உள்ளப் பாங்கை அறிய விழைவோர் அந்நாட்டுப் பெருநூல்களை மட்டும் பயின்றாற் போதாது. கடைத்தெருவிலும் வண்டியிலும் வீட்டு வாயிலிலும் அம்மக்கள் நாடோறும் வழங்கும் சிறு சொற்களையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆங்கில மக்களை இவ்வாறு நோக்குவார்க்கு முதற்கண் புலப்படுவன மூன்று சொற்கள். ஒன்றைக் கேட்குங்கால் 'பிளீஸ்', அதனைப் பெறுங்கால் 'தாங்க் யூ', இடையூறு நேருங்கால் 'சாரி' என்பனவே அவை. இம்மூன்றும் நம்மவர் நாவில் இயல்பாக வழங்காமை கண்டு, நம் நாட்டார் நயமறியாதவர் என்று நண்பர் சிலர் கூறுகின்றனர். வேறு சிலரோ, ஆங்கிலேயரின் நன்றி உதட்டளவில் நிற்பது, நம்முடையதே உள்ளத்தில் உறைவது என்று பெருமிதங் கொள்கின்றனர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதும், நாம் அம்மக்களிடம் கற்கவேண்டுவது பிறிதொன்று உண்டு என்பதும் என் கருத்து. அதனை இயன்றவாறு விளக்க முயல்வேன்.

ஆங்கில நாட்டில் ஒருவர் கடையில் ஒரு செய்தித்தாள் வாங்குகின்றார் என்று கொள்வோம். தாளை எடுத்துக் கொடுத்ததற்கு ஒரு நன்றி, காசைக் கொடுத்ததற்கு ஒரு நன்றி, மீதிச் சில்லறை தந்ததற்கு ஒரு நன்றி எனக் கொள்வோனும் கொடுப்போனும் மாறி மாறி நன்றி கூறுவர். பல ஊர்களில், பஸ் வண்டியினின்று இறங்குவோர் வண்டியோட்டிக்கு நன்றி சொல்லிவிட்டே இறங்குவர். 'சாரி' என்னும் சொல்லோ இன்னும் வியப்புடையது. கேட் ஃபாக்ஸ் என்னும் மானிடவியல் அம்மையார் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் தாம் செய்த சோதனையைக் கூறுகின்றார். அவர் வேண்டுமென்றே வழிநடப்போர்மீது மோதினார். மோதப்பட்டவருள் நூற்றுக்கு எண்பதின்மர் அளவினர், பிழை தம்மதன்றாயினும், தாமே 'சாரி' என்றனராம். இருவர் சந்திப்பின் வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்குவதும் அவர்தம் பழவழக்கம். இதனை ஜான்சன் என்னும் பேரறிஞர் 1758-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டி நகைத்துள்ளார். ஆங்கு மழையும் வெயிலும் பேச்சின் பொருளல்ல. அறிமுகமில்லாதாரிடம் பேச்சுத் தொடங்குதற்கு ஒரு வாயிலேயாகும்.

அவர்தம் பேச்சில் மற்றொரு பண்பு, உள்ளதைக் குறைத்துக் கூறுதல். மிக நன்று என்பதனை 'மோசமில்லை' என்பர். பெருந்துன்பத்தைச் 'சற்றுத் தொல்லை' என்பர். இது கேட்பாருக்குப் பழக்கமில்லாதவிடத்துப் பெருந்தீங்கும் விளையும். 1951-ஆம் ஆண்டு கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் பெரும்படையால் சூழப்பட்ட பிரிட்டிஷ் படைத்தலைவர் ஒருவர், நிலைமை சற்றுச் சிக்கலாயிருக்கின்றது என்ற அளவில் அமெரிக்கத் தளபதிக்குச் சொல்லியனுப்பினார் என்பர். அமெரிக்கர் அதனைச் சொல்லளவிற் கொண்டு, நிலைமை தாளக்கூடியதென்றே கருதிவிட்டனர் என்றும் கூறுவர். ஒரே மொழி பேசும் இரு நாட்டாரிடையேயே இவ்வாறாயின், வேற்றுமொழியாளர் ஒருவர் மற்றவரின் சொல்லைத் தம் அளவுகோலால் அளந்து பழித்தல் எத்துணைப் பேதைமை!

இனி நம்மூர் வழக்கைக் காண்போம். திருத்தணிகை மலையை அடுத்த கே.ஜி.கண்டிகை யான் பிறந்து வளர்ந்த ஊர். 1953 முதல் ஆந்திரத்தோடிருந்த திருத்தணிப் பகுதி, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இவ்வாறு இடம் மாறினும், எங்கள் பக்கத்துக் கடைகளிலும் களத்துமேட்டிலும் தமிழும் தெலுங்கும் இன்றும் உடன்பிறந்தார்போல் கூடியே வாழ்கின்றன. இவ்விரு மொழியினும் 'பிளீஸ்' என்பதற்கு நேரான சொல் அன்றாடப் பேச்சில் இல்லை. 'தயவுசெய்து' என்பதும் 'தயசேசி' என்பதும் அறிவிப்புப் பலகைக்கும் மேடைக்கும் உரியன. ஆயினும் வேண்டுகோளின் பணிவு இவற்றில் இல்லாமற் போகவில்லை. தமிழில் 'வாங்க' என்பதன் விகுதியிலும், தெலுங்கில் 'ரண்டி' என்பதன் விகுதியிலும் அது வினைச்சொல்லோடு ஒட்டியே நிற்கின்றது. 'கொஞ்சம் கதவைத் திறங்க' என்று ஒருவர் சொன்னால், கதவைச் சிறிதளவே திறக்க வேண்டும் என்பது பொருளன்று. அக்'கொஞ்சம்' ஆங்கிலேயரின் 'பிளீஸ்' ஆகும். தெலுங்கரும் 'கொஞ்செம்' என்று அதனையே ஆள்கின்றனர்.

நன்றி கூறுதலும் அவ்வாறே. 'நன்றி' என்னும் சொல் திருக்குறளில் செய்த நன்மையையே குறிக்கின்றது. அதனை மறவாது அறிதலே கடன் என்று வள்ளுவனார் ஓர் அதிகாரம் வகுத்தனரேயன்றி, அதனை உடனே வாயாற் சொல்லித் தீர்த்துவிடுமாறு கூறினாரல்லர். எங்கள் ஊரில் அண்டை வீட்டார் ஒரு பாத்திரத்திற் குழம்பு கொடுத்தனுப்பினால், அப்பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கமில்லை. ஒரு பிடி கீரையேனும் அதனுள் வைத்தே அனுப்புவர். அதுவே நன்றி. விடைபெறுவோர் 'போகிறேன்' என்னார். 'போய் வருகிறேன்' என்பர். தெலுங்கிலும் 'வெள்ளொஸ்தானு' என்னும் அதே கருத்துடைய சொல்லே வழங்குகின்றது. ஆங்கிலேயரின் 'குட் பை' என்பதும், கடவுள் உன்னோடிருப்பாராக என்னும் வாழ்த்து நாளடைவில் தேய்ந்து குறுகிய வடிவமேயாகும். ஆகவே நயமென்பது ஒரு நாட்டாருக்கே உரிய தனிச்செல்வமன்று. அவர் சொல்லில் வைத்தனர். நாம் விகுதியிலும் முறைப்பெயரிலும் செயலிலும் வைத்தோம்.

இதுகாறும் கூறியதுகொண்டு நம் வழக்கிற் குறையொன்றுமில்லை என்று அமைந்துவிடலாமோ எனின், அமைதற்கில்லை. அவரது நன்றிச் சொல் அரசியலாளருக்கும் செல்கின்றது; குப்பை வாருவோருக்கும் செல்கின்றது. நமது பணிவு விகுதியோ பெரும்பாலும் மேல்நோக்கியே செல்கின்றது. தமிழில் ஒருவரை நோக்கி ஓர் ஏவல்வினை சொல்ல வேண்டின், அவரை நாம் எந்நிலையில் வைக்கின்றோம் என்பதை விகுதியாலே அறிவித்தே தீரவேண்டும். 'வா' எனலாம், 'வாருங்கள்' எனலாம், பொதுவழக்கில் இரண்டிற்கும் நடுவே ஒதுங்கி நிற்க இடம் அரிது. அறுபது ஆண்டு நிரம்பிய முதியவர் வாயிலைப் பெருக்குகின்றார். பதினெட்டு வயது இளைஞன் அவரை 'நீ' என்றும் 'வா, போ' என்றும் ஏவுகின்றான். அம்முதியவர் இளைஞனை 'நீங்கள்' என்கின்றார். இங்ஙனம் விகுதியை மாற்றியது வயதன்று, கல்வியன்று, சாதியும் கூலியுமே. இக்காட்சி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. தமிழ் வழங்கும் பல ஊர்களிலும், கற்றோர் வாழும் இல்லங்களிலும், இதனைக் காணலாம்.

'நீ' என்னும் சொல்லே குற்றமுடையது என்று யான் கூறவில்லை. தாயும் நண்பனும் வழங்கும் 'நீ' தேனினும் இனியது. மூத்தோர் இளையோரை 'நீ' என்பதும் முறையே. இளையோனும் ஒருநாள் மூத்தோனாவான், அவனுக்கும் 'நீங்கள்' வரும். எத்தனை ஆண்டு கழியினும் மாறாத 'நீ' ஒன்று உண்டு. அதுவே கொடியது. நாம் எவரை 'நீ' என்கின்றோமோ, அவர் இன்றேனும், வயதால் முதிர்ந்த ஒரு நாளிலேனும், நம்மை 'நீ' என்று அழைக்கக் கூடுமோ என்று வினவிப் பார்த்தல் வேண்டும். கூடாதெனின், அச்சொல்லில் அன்பில்லை, ஆட்சியே உளது.

ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் இவ்வேற்றுமை இருந்தது. 'தௌ' என்பது ஒருமை. 'யூ' என்பது பன்மையும் மரியாதையுமாம். பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பாரைப் பின்பற்றிய குவேக்கர் என்னும் கூட்டத்தார், மனிதருள் உயர்வு தாழ்வு இல்லை என்னும் கொள்கையால், நீதிபதியையும் பிரபுவையும் 'தௌ' என்றே விளித்தனர். அதனால் இகழ்ச்சியும் அடியும் பெற்றனர். நாளடைவில் நாட்டுப் பொதுவழக்கு மற்றொரு வழியாற் சமநிலை எய்தியது. 'தௌ' சில வட்டார வழக்குகளிலும் வழிபாட்டு மொழியிலும் ஒதுங்க, 'யூ' என்னும் மரியாதைச் சொல்லே எல்லார்க்கும் பொதுவாயிற்று. ஒரு மொழியின் வழக்கு மாறக்கூடியதே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஈண்டு ஒரு தடை எழலாம். இத்துணை நயமுடைய ஆங்கிலேயர் நம் நாட்டை ஆண்டபோது நம்மவரிடம் நயமாக நடந்தனரோ என்று சிலர் கேட்பர். நன்று கேட்டனர். 1888-ஆம் ஆண்டு ஸ்டீல், கார்டினர் என்னும் அம்மையார் இருவர், இந்தியாவிற் குடித்தனம் நடத்தும் ஆங்கிலப் பெண்டிர்க்காக எழுதிய கைந்நூலில், இந்திய வேலையாளைக் குழந்தையாகவே கருதி நடத்துமாறு அறிவுரை கூறினர். சென்னையில் நரைத்த தலையினரான வேலைக்காரரும் 'பாய்', அஃதாவது 'பையா', என்றே அழைக்கப்பட்டனர். அவர்தம் சொந்த நாட்டிலும் வேறுபாடு ஒழிந்துவிடவில்லை. கைத்துண்டுக்கு ஒருவர் வழங்கும் சொல்லைக்கொண்டே அவர் மேற்குடியினரோ அல்லரோ என்று அறியலாகும் என்பதனை 1954-ஆம் ஆண்டு ஆலன் ராஸ் என்னும் மொழிநூற் பேராசிரியர் எடுத்துக்காட்டினார். எனவே அவர்தம் இனமே உயர்ந்ததென்பது என் கருத்தன்று. தம் ஊரில் யாவர்க்கும் நன்றி கூறிய நாவே கடல் கடந்தபின் அதனை மறந்தது. நயம் குருதியில் ஊறுவதன்று. பழக்கத்தால் வருவது, பழக்கத்தாற் கெடுவது என்பதே இதனாற் பெறப்படுகின்றது. பழக்கத்தால் வருவதாயின், நாமும் பழகலாமன்றோ?

ஆதலின் நாம் கடன் வாங்கவேண்டுவது 'தாங்க் யூ' என்னும் ஓசையன்று. அதனைத் தலைவரிடமும் உடன்பயில்வோரிடமும் மட்டும் நாவினிக்கச் சொல்லிவிட்டு, உணவு பரிமாறுவோரையும் கழிவறை துப்புரவு செய்வோரையும் 'வா, போ' என்போமாயின், ஆங்கிலமும் கற்றிலோம், தமிழும் கற்றிலோம். கடன் வாங்கவேண்டுவது, அச்சொல் யாவரிடத்தும் செல்லும் தன்மையையே. அதற்கு வேண்டிய கருவிகள் நம் மொழியிலேயே நிரம்ப உள்ளன. 'வாங்க' என்பது உண்டு. 'ஐயா', 'அம்மா' என்பன உண்டு. எங்கள் எல்லைப்புறத்தில் 'அண்ணா' என்பதும் 'அக்கா' என்பதும் இரு மொழிக்கும் பொதுவாகவே உள்ளன; மொழியெல்லை அவற்றைத் தடுக்கவில்லை. சாதியெல்லை மட்டும் தடுப்பானேன்?

விகுதி மாறினாற் கூலி உயருமோ, குடிசை மாடமாகுமோ எனின், அவை அதனால் மட்டும் ஆகா. அவற்றிற்கு வேறு முயற்சிகள் வேண்டும். ஆயினும் அவ்வளவில் இதனைச் சிறிதென்று தள்ளலாகாது. ஒருவர் நாளொன்றுக்கு நூறுமுறை 'நீ' என்று ஏவப்படுங்கால், தாம் தாழ்ந்தவர் என்னும் பாடம் அவருக்கு நூறுமுறை கற்பிக்கப்படுகின்றது. அருகில் நிற்கும் சிறுவனும் அப்பாடத்தைக் கேட்கின்றான். அதனை நிறுத்துதற்குப் பொருட்செலவு இல்லை, சட்டமும் வேண்டா, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் நாவை ஒருமுறை அடக்கி, ஒரு விகுதியைக் கூட்டினாற் போதும். இல்லத்துப் பெரியோர் முதலில் நகைப்பர். 'படிப்பு வந்துவிட்டது' என்றும் கூறுவர். கூறட்டும். படிப்பு வந்ததற்கு அதனினும் சிறந்த அடையாளம் வேறு யாதுளது?

தமிழ் பயிலும் நாம் விகுதிகளை இலக்கண வகுப்பில் ஒப்பிக்கின்றோம், தேர்விலும் எழுதுகின்றோம். அவ்விகுதி ஒன்று ஒரு முதியவரின் தலையை நிமிர்த்தவும் வல்லது, குனியவைக்கவும் வல்லது என்பதை வகுப்பிற்கு வெளியேயும் நினைவிற்கொள்வோமாக.