காட்டெருமை இறைச்சிக்கு நம் ஊர்களில் இடம் வேண்டாம்

சேனநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து பிரதேசத்தைக் காப்பதற்கென்றே 1954ஆம் ஆண்டு கல்லோயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. அந்தக் குளத்துத் தண்ணீரை நம்பித்தான் சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து வயல்களில் பெரும்பகுதி விளைகிறது. ஆகவே அந்தக் காட்டில் எருமை சுடப்படுவதை யாரோ எங்கோ செய்யும் குற்றம் என்று நாம் விட்டுவிட முடியாது.

தேசியப் பூங்காவுக்குள் எந்த விலங்கை வேட்டையாடினாலும் குற்றம். 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் முதல் இதுவே நிலைமை. ஆனால் எருமையைச் சுட்டவனுக்கு மட்டும் ஒரு சாக்குக் கைவசம் இருக்கிறது: பட்டியிலிருந்து தப்பிய மாட்டைத்தான் பிடித்தேன் என்று கூசாமல் சொல்லிவிடலாம். தோலுரித்துத் துண்டு போட்ட பிறகு காட்டெருமை எது, பட்டி எருமை எது என்று கடையில் நிற்பவர் எவராலும் சொல்ல முடியாது.

இந்தச் சாக்குக்கு வழி திறந்தது மேய்ச்சல் தரைகளின் கதி. அம்பாறை மாவட்டத்து வட்டமடுவில் மாட்டுக்காரருக்கும் விவசாயிகளுக்கும் இடையிலான இழுபறி எத்தனையோ ஆண்டுகளாகத் தீரவில்லை. புல்லுக்கு வழியற்ற பட்டிகள் காட்டோரம் ஒதுங்கி, காட்டெருமையோடு கலக்கின்றன. இலங்கைக் காட்டெருமையில் கலப்பில்லாதவை எஞ்சியிருக்கின்றனவா என்றே விலங்கியலாளர்கள் ஐயப்படுகிறார்கள். உலகம் முழுவதிலும் காட்டெருமைகள் 4,000க்கும் குறைவு என்பது மதிப்பீடு. அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவின் அசாமில். எப்படியும் கலப்பு மாடுதானே என்று கைகழுவுவதை நாம் ஏற்கவில்லை. கலப்பாயினும் அது காட்டின் வேலையைச் செய்கிறது. முரட்டுப் புல்லை மேய்ந்து மான்களுக்குத் தளிர் விடுகிறது. புரண்டு புரண்டு குட்டைகளைத் தூராமல் வைக்கிறது. அதன் கன்று சிறுத்தைக்கு இரை.

எருமைக்கு வைக்கும் சுருக்கும் கட்டுத்துவக்கும் இன்னதுதான் அகப்பட வேண்டும் என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம் மலையகத்து நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டிய அரிய கருஞ்சிறுத்தையைக் காப்பாற்ற முடியாமல் போனது. விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போகிறவர்களின் காலும் அந்தச் சுருக்குக் கம்பியில் இடறலாம்.

வேட்டை இறைச்சி தின்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். முஸ்லிம்களாகிய நம் ஊர்களில் இது மார்க்கப் பிரச்சினையும்கூட. கழுத்து நெரிபட்டுச் செத்தது ஹராம் என்று குர்ஆனே சொல்லிவிட்டது. இரவில் சுருக்கில் கிடந்த மாடு எப்போது உயிர்விட்டது, அதை யார் அறுத்தார் என்பது வாங்குபவருக்குத் தெரியுமா? மாடறுப்பைத் தடை செய்ய 2020 செப்டெம்பரில் அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோது நாம் பட்ட பதற்றத்தை மறந்துவிடக் கூடாது. அப்படியொரு தடைக்குச் சாக்குத் தருவதும், சட்டப்படி தொழில் செய்யும் கடைக்காரர்களின் பெயரைக் கெடுப்பதும் இந்தக் கள்ள இறைச்சிதான்.

கல்முனை மாநகர சபையும் அயல் பிரதேச சபைகளும், மடுவத்தில் பரிசோதிக்கப்படாத ஒரு கிலோ இறைச்சிகூடக் கடையில் தொங்க இடமளிக்கக் கூடாது. மாட்டின் உரிமைச் சீட்டைப் பார்க்காமல் அறுக்க அனுமதி கொடுக்கக் கூடாது. மேய்ச்சல் தரைகளை அளந்து எல்லையிட்டுக் கொடுப்பதை மாவட்டச் செயலகம் இனியும் தள்ளிப்போட வேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு ஜும்ஆவிலாவது இதைப் பேச வேண்டும். வாசகர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: எங்கே அறுத்தது என்று சொல்லத் தெரியாதவரிடம், விலை எவ்வளவு மலிவானாலும், இறைச்சி வாங்காதீர்கள்.