உதவிப் பயிற்சியாளரும் ஏன் போக வேண்டும்?
கால்பந்து கிளப்பில் மேலாளர் மாறினால் உதவிப் பயிற்சியாளர்களும் மூட்டை கட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 2013இல் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வுபெற்றதும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த டேவிட் மோயஸ், எவர்ட்டனில் தன்னோடு வேலை பார்த்தவர்களை அழைத்துக்கொண்டார். பெர்குசனின் குழுவில் இருந்த மைக் பீலன், ரெனே முலன்ஸ்டீன், கோல்கீப்பர் பயிற்சியாளர் எரிக் ஸ்டீல் மூவரும் வெளியேறினார்கள். எந்த வீரரை அதட்ட வேண்டும், யாரைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் அவர்கள்தான். நடப்புச் சாம்பியனாக இருந்த அணி அந்த சீசனில் 7ஆம் இடத்துக்குச் சரிந்தது. ஏப்ரலிலேயே மோயஸின் வேலை போனது. அணிக்கு வயதேறியிருந்தது என்பதும் உண்மை. ஆனாலும் அந்த அனுபவத்தை ஒரே கோடையில் வெளியே அனுப்பியது பெரிய தவறு. இதற்கு மாறாக, 1974இல் மேலாளர் பில் ஷாங்க்லி விலகியபோது லிவர்பூல் அவருடைய உதவியாளர் பாப் பெய்ஸ்லியையே மேலாளராக்கியது. பயிற்சியாளர்கள் ஜோ பேகனும் ரோனி மோரனும் கூடவே இருந்தார்கள். பெய்ஸ்லி 3 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார், அவருக்குப் பின் மேலாளரான பேகன் 1984இல் இன்னொன்றை. புதியவர் தன் நம்பிக்கைக்குரிய ஓரிருவரை அழைத்து வரட்டும், அது நியாயம். பழையவர்களில் ஒருவராவது நீடிக்க வேண்டும் என்பதைக் கிளப் நிர்வாகம் மேலாளரின் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.