வந்த ஊரையும் கொஞ்சம் வாசிப்போமே!

தூத்துக்குடிக்கு மாற்றல் ஆர்டர் வந்தால் பல வீடுகளில் முதலில் வருவது பெருமூச்சுதான். 'ஐயோ, உப்புத் தண்ணி ஊராச்சே! வெயில் மண்டையைப் பிளக்குமே!' என்று அலுத்துக் கொள்ளாதவர்கள் குறைவு. துறைமுகம், அனல்மின் நிலையம், ஸ்பிக், கஸ்டம்ஸ், பேங்க் என்று கணவரின் உத்தியோகத்துக்காக இங்கே வந்த பெண்கள் ஏராளம். கல்யாணமாகி வாக்கப்பட்டு வந்தவர்கள் அதைவிட ஏராளம். பத்து வருஷம், பதினைந்து வருஷம் இருந்துவிட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறிப் போகும்போதும் இவர்களில் பலருக்குத் தெரிந்தது மூன்றே மூன்று விஷயம்தான்: மாதா கோயில், மக்ரூன், தண்ணீர்க் கஷ்டம்!

நானும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்தான். அந்த உரிமையில் ஒரு கருத்தைச் சொல்கிறேன். புதிதாக ஒரு ஊருக்கு வரும் பெண்ணுக்குப் பால்காரர் நம்பரும், காஸ் ஏஜென்சி முகவரியும் கொடுக்கிறோம். அதோடு அந்த ஊரைப் பற்றிய ஒரு நல்ல புத்தகத்தையும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மட்டும் போதாது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண்களோடு சேர்ந்து அதைப் படிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் நாலைந்து வருஷமாக இதைச் செய்து வருகிறோம். சங்கம், தலைவி, செயலாளர் என்றெல்லாம் எதுவும் கிடையாது. ஒரு துணிப்பையில் ஏழெட்டுப் புத்தகங்கள், யார் வீட்டில் எது இருக்கிறது என்று எழுதி வைக்க ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

பையில் முதலில் போட்டது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. 1979ல் வந்த நாவல். தூத்துக்குடி உப்பளத்தில் வேலைக்குப் போகும் பொன்னாச்சி என்ற பெண்ணின் கதை. ராஜம் கிருஷ்ணன் இந்த ஊர்க்காரர் இல்லை, முசிறியில் பிறந்தவர். இள வயதிலேயே கல்யாணம். கணவர் மின்வாரிய இன்ஜினீயர். அவருக்கு எங்கெங்கே மாற்றலோ அங்கெல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு கூடவே போனவர், நம்மைப் போல. நீலகிரியில் இருந்ததன் பலனாகப் படகர் வாழ்க்கையைச் சொல்லும் 'குறிஞ்சித் தேன்' கிடைத்தது. பிற்பாடு, இந்தக் கடற்கரைக்கு நேரில் வந்து மக்களோடு பேசிப் பழகி மீனவர் வாழ்க்கையை 'அலைவாய்க் கரையில்' நாவலிலும், உப்பளத்தை 'கரிப்பு மணிகள்' நாவலிலும் எழுதினார். 'மாற்றலான ஊரில் எனக்கு என்ன இருக்கு' என்று சலித்துக் கொள்ளும் சகோதரிகள் இவரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் கதையைப் படித்தால் நம் சமையலறை உப்பு ஜாடி மேலேயே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுப்பது, கரிப்பு நீரில் நின்று நின்று காலில் புண் வருவது, அளத்தில் குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காதது, மேலே இருப்பவர்களிடம் பெண்கள் படும் தொல்லை... எல்லாம் அதில் உண்டு. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது நம் தூத்துக்குடி வட்டாரத்தில்தான் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அந்த உப்பை வாருவது யார் என்று கேட்டால் நமக்குத் தெரிவதில்லையே!

ஒரு நாள் இந்தக் கதையை வாய்விட்டுப் படித்துக் கொண்டிருந்தபோது, எதிர் வீட்டு ஆச்சி வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் அளத்தில் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எழுதினவுக நல்லாத்தான் எழுதியிருக்காக தாயி. வெயில்ல வேல செய்யறது கஷ்டந்தான். ஆனா மழதான் எங்களுக்குப் பெரிய கஷ்டம். ஐப்பசி பொறந்து மழ விழுந்துட்டா அளத்துல வேல கெடையாது. மூணு மாசம் அடுப்புல பூன தூங்கும்."

வெளியூர்க்காரர்களான எங்களுக்கு மழை என்றால் சந்தோஷம், குடிதண்ணீர் வரும். ஆச்சிக்கோ அது பட்டினி மாதம். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் தீபாவளி சமயத்தில் முன்பணம் கேட்டால், 'இவங்களுக்கு எப்பவும் இதே வழக்கம்' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தப் பெண்ணின் கணவரோ மாமியாரோ அளத்தில் வேலை செய்பவராக இருப்பார். மழை மாதங்களில் அந்த வீட்டில் ஒரு வருமானம் நின்றுபோய்விடும். இந்தக் கணக்கு ஆச்சியின் வாயிலிருந்து வந்த பிறகு, எங்கள் தெருவில் முன்பணத்துக்கு முணுமுணுப்பு குறைந்திருக்கிறது. புத்தகம் பாதி சொன்னது, ஆச்சி மீதியைச் சொன்னார்.

அடுத்தது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. மணப்பாட்டுக் கடற்கரைக் கதை. சொந்த வல்லத்தை விட்டுக் கொடுக்க மனசில்லாத குரூஸ் மிக்கேலையும், அவர் மகள் பிலோமியையும் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். சின்னப் புத்தகம். மத்தியானம் ஆரம்பித்தால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடலாம். உவரியில் பிறந்த ஜோ டி குரூஸின் 'கொற்கை' அப்படி இல்லை, தலையணை மாதிரி தடிமன்! 2013ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. பரதவர் வாழ்க்கையை அந்த மண்ணுக்குள்ளிருந்தே சொல்வது. அதை நாங்கள் மூன்று மாதம் வைத்துக்கொண்டு படித்தோம். கடல் வார்த்தைகள் புரியாத இடத்தில் மீன் கொண்டு வரும் அக்காவிடம் கேட்போம். அவரும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று காற்றின் பெயர்களை விளக்குவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற 61 நாள் தடையில் மீன் விலை ஏன் ஏறுகிறது என்பதும் அப்படித்தான் விளங்கியது. இப்போது அந்த அக்காவிடம் அநியாயமாகப் பேரம் பேச யாருக்கும் வாய் வருவதில்லை.

புதிதாக வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'முத்து எந்தக் கடையில் மலிவு?' பேர்தான் முத்துநகர். இங்கே அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு, 1973ல் இங்குள்ள கடல் மீன் ஆராய்ச்சி விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். இந்த இரண்டு வருஷமும் தெரிந்திருந்தால், ரோட்டோரத்தில் பிளாஸ்டிக் மணியை முத்தென்று வாங்கி ஏமாற வேண்டியதில்லை!

இதற்கெல்லாம் எதிர்ப்பும் இருக்கிறது. 'இருக்கிற வேலையில் இதுக்கெல்லாம் நேரம் ஏது' என்பது ஒன்று. சீரியல் நேரத்தில் பாதியைக் கொடுத்தாலே போதும் என்று சொல்லி அதை விட்டுவிடலாம். இன்னொன்று அப்படித் தள்ளக் கூடியது அல்ல. உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்து டீச்சர் வேலை பார்க்கும் ஒரு சகோதரி நேராகவே கேட்டார்: "எங்க வீட்டுக் கஷ்டத்தை நீங்க ஃபேன் காத்துல உட்கார்ந்து கதையாப் படிக்கணுமாக்கும்?"

நியாயமான கேள்வி. வெளியூர்ப் பெண்கள் மட்டும் கூடி உட்கார்ந்து 'பாவம் இந்த ஊர்க்காரங்க' என்று உச்சுக் கொட்டினால், அது ஊர்வம்பில்தான் சேர்த்தி. அதனால்தான் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து படிக்கச் சொல்கிறேன். புத்தகத்தில் தப்பு இருந்தால் தப்பு என்று சொல்லவும், விட்டுப்போனதைச் சேர்க்கவும் அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்படிக் கேட்ட அந்த டீச்சர்தான் இப்போது எங்களுக்குக் 'கொற்கை'யில் சந்தேகம் தீர்த்து வைக்கிறார்.

வந்தவரும் ஊர்க்காரரும் சேர்ந்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு இந்தக் கரையிலேயே பழைய சாட்சி இருக்கிறது. போர்ச்சுகல்லில் பிறந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியார் 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழ் கற்று, ஏறத்தாழ ஐம்பது வருஷம் இங்கேயே வாழ்ந்து, 1600ல் புன்னைக்காயலில் காலமானார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578ல் கொல்லத்தில் அச்சானது. நம் நாட்டில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான். பதினாறே பக்கம். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் இந்தக் கடற்கரைப் பரதவ மக்கள். வந்தவர் எழுதினார், ஊர்க்காரர் கைகொடுத்தார்.

நாமும் எழுதலாம். எங்கள் துணிப்பையில் அச்சடிக்காத புத்தகம் ஒன்றும் இருக்கிறது. சாதாரண கோடு போட்ட நோட்டுதான். வெளியூரிலிருந்து வந்தவர்களும் ஊர்ப் பெண்களும் மாற்றி மாற்றி எழுதுவது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாவிட்டால் என்ன செய்வது, ஆகஸ்ட் 5 மாதா கோயில் திருவிழாவன்று எந்த ரோடு அடைத்திருக்கும், ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்று இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதில் நாலு பக்கம் கூடியிருக்கிறது. அந்தச் சமயம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தூத்துக்குடித் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றதையும் மறக்க முடியுமா? எந்த வீட்டில் எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது, யார் வீட்டு மாடியில் எத்தனை பேர் தங்கினார்கள், பால் எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்திருக்கிறோம். நாளைக்கு இந்தத் தெருவில் வாடகைக்கு வரும் பெண்ணுக்கு இதைவிட உதவியான புத்தகம் எது?

செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சேர அதிகப் பணம் ஆகாது. ராஜம் கிருஷ்ணன் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. 'கரிப்பு மணிகள்' செல்போனிலேயே இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. கண்ணாடி போட்டும் படிக்க முடியாத மாமியாருக்கு மருமகள் படித்துக் காட்டலாம். மாமியார்-மருமகள் பேச வேறு விஷயமும் கிடைத்த மாதிரி இருக்கும்!

தோழியரே, இது தூத்துக்குடிக்கு மட்டும் சொல்லவில்லை. நம்மில் பாதிப் பேர் பிறந்தது ஓர் ஊர், வாழ்வது ஓர் ஊர். நம் பிள்ளைகளுக்கோ நாம் வந்த ஊர்தான் சொந்த ஊர். அவர்கள் ஊரைப் பற்றி நமக்கே ஒன்றும் தெரியாவிட்டால் எப்படி? நீங்கள் வாழ வந்த ஊரைப் பற்றி எந்தப் புத்தகம் இருக்கிறது, அதைப் பக்கத்து வீட்டு ஊர்ப் பெண்ணோடு சேர்ந்து படித்தீர்களா என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி.